வெதுவெதுப்பு எங்கே ஒளிந்திருந்தது? ஒரு பழைய டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் பற்றிய நிகழ்வு ஆய்வு

“கெப்பாசிட்டர் எதையும் மாத்திடாத தம்பி. சவுண்டு போயிடும்.”

பெட்டியை மேசைமேல் இறக்கும்போதே அண்ணா சொன்னது இது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பாட்டுக் கேட்பதில் என்னைவிடப் பொறுமைசாலி. கொண்டுவந்தது 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஸ்டீரியோ ப்ரீஆம்ப், அதாவது பாட்டு வரும் கருவிக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் நின்று சத்த அளவையும் தொனியையும் சரிசெய்யும் பெட்டி. உள்ளே ஐசி (பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய பாகம்) ஒன்றுகூட இல்லை, முழுக்கத் தனி டிரான்சிஸ்டர்கள். முன்பக்கம் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள், லவுட்னஸ் பொத்தான், டோன் சர்க்யூட்டை விலக்கிவிடும் ‘டிஃபீட்’ பொத்தான், டேப் மானிட்டர். பின்பக்கம் இசைத்தட்டு பிளேயரைச் செருகும் போனோ இன்புட். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அவர் கேட்டது சின்ன வேலைதான். வலது பக்கம் அவ்வப்போது மங்கிவிடுகிறது, வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது, அதை மட்டும் பார்த்துத் தர வேண்டும். கூடவே ஒரு கருத்தையும் வைத்தார். அவரிடம் புது ப்ரீஆம்ப் ஒன்றும் இருக்கிறது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் ஒன்றே, ஸ்பீக்கரும் ஒன்றே. ஆனாலும் பழையதில் பாடும் குரல் முன்னால் வந்து உட்காருகிறதாம், புதியதில் சுவரோடு ஒட்டி நிற்கிறதாம். “பழைய டிரான்சிஸ்டருக்கே உள்ள வெதுவெதுப்பு அது. இப்போ வர்றதெல்லாம் உலர்ந்த சத்தம்.”

இந்த மாதிரிப் பேச்சுக்கு இரண்டு வழக்கமான பதில்கள் உண்டு. காதுகொண்ட கூட்டம் தலையாட்டும்; மீட்டர் பிடித்த கூட்டம் சிரிக்கும். இரண்டுமே அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அவர் கேட்பது உண்மை என்று எடுத்துக்கொண்டு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப்பார்க்கலாம் என்று நினைத்தேன். எதையும் தொடுவதற்கு முன் இருக்கிறபடியே எல்லாவற்றையும் அளந்து எழுதிவைப்பது என்பது மட்டும்தான் நான் போட்டுக்கொண்ட விதி. அந்த விதியையும் ஒரு முறை மீறினேன். அதற்கான தண்டனை ஒரு வாரக்கடைசி.

முதல் சோதனை

சத்த அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு எதுவும் ஒப்பீடே அல்ல. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது ‘சத்தம் அதிகம்’ என்று சொல்வதில்லை. ‘தெளிவாக இருக்கிறது’, ‘உயிரோட்டமாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அண்ணா இதுவரை கேபிளை மாற்றி மாற்றிச் செருகி, காதால் சமப்படுத்திக் கேட்டிருக்கிறார். அவர் குமிழை வைத்த அதே இடத்தில் அளந்தபோது, பழைய பெட்டி 1.4 டெசிபல் அதிகமாக ஒலித்துக்கொண்டிருந்தது. பாதிக் கதை இதிலேயே முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

முடியவில்லை. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டு பெட்டிகளையும் 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்தேன். 2.83 வோல்ட் என்றால் மற்றது 2.86ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவு நெருக்கம். எது எந்தப் பெட்டி என்று தெரியாதபடி ஒரு ஸ்விட்ச் பெட்டியை நடுவில் வைத்து அண்ணாவை உட்காரவைத்தேன். 16 முறை. 16க்கு 16 சரியாகச் சொன்னார், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெறும் குருட்டு ஊகத்தில் 12 சரியாக வருவதற்கே நூற்றுக்கு நான்கு தடவைக்கும் குறைவான வாய்ப்புதான். 16 என்றால் பேச்சுக்கே இடமில்லை.

ஆக, அவர் காது பொய் சொல்லவில்லை. டிரான்சிஸ்டர்தான் காரணமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

நான் வழுக்கிய இடம்

பழைய பெட்டி என்றதும் எல்லோரும் சொல்வது பவர் சப்ளை. மூடியைத் திறந்ததும் தலை வீங்கிய இரண்டு பெரிய ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் கண்ணில் பட்டன. கை சும்மா இருக்குமா? “மாத்திடாத” என்று சொன்னவருக்குத் தெரியாமலே மாற்றிவிட்டேன், மற்றதை அளந்து முடிப்பதற்கு முன்பே. சப்ளையின் ரிப்பிள், அதாவது மின்சாரத்தில் மிஞ்சும் அலைச்சல், நன்றாகக் குறைந்தது. ஸ்பீக்கரில் காது வைத்தால் கேட்ட மெல்லிய முனகலும் போனது. திரும்ப உட்காரவைத்தால் மறுபடியும் 16க்கு 16. வெதுவெதுப்பு அப்படியே இருந்தது. தேவையான வேலைதான், ஆனால் தேடிய விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்த சந்தேகம் டிஸ்டார்ஷன். வெதுவெதுப்பு என்றாலே ‘இரண்டாம் ஹார்மோனிக்’ (சுரத்தின் இரு மடங்கு அலைவெண்ணில் சேரும் ஒலி) என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே. இடது பக்கம் 1 வோல்ட் அவுட்புட்டில் 0.03 சதவீதம், பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக்தான். கேட்கும் இசைக்கு 70 டெசிபல் கீழே கிடக்கும் ஒன்று, அதுவும் இசையின் சொந்த ஹார்மோனிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று, ஒரு பாடகியை நாற்காலியோடு முன்னால் நகர்த்திவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வளைகோடு காட்டியது

டோன் குமிழ்கள் இரண்டையும் நடுவில் ‘டிக்’ என்று நிற்கும் இடத்தில் வைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பார்த்தேன். நேர்கோடாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. 100 ஹெர்ட்ஸ் பகுதி 0.7 டெசிபல் மேடாக இருந்தது. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மெல்லச் சரிந்து, 10 கிலோஹெர்ட்ஸில் இடது பக்கம் 1.2, வலது பக்கம் 0.9 டெசிபல் இறக்கம்.

ஒரு டெசிபல்தானே என்று தோன்றும். குறுகலான ஒரு பள்ளமாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் அகலமான சரிவு ஒவ்வொரு சுரத்தின் மேலும், ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் படிகிறது. ‘ச’வும் ‘ஷ’வும் கொஞ்சம் அடங்குகின்றன, மார்பிலிருந்து வரும் பகுதி கொஞ்சம் பெருக்கிறது. குரல் முன்னால் வந்து உட்காருகிறது.

டோன் சர்க்யூட் என்றால் ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட ஏற்பாட்டின் வாரிசுதான். குமிழ் நடுவில் இருக்கும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்து நேர்கோடு கிடைப்பது அதன் அழகு. ஆனால் எந்த நடு? கைக்குத் தட்டுப்படும் நடுவும் கார்பன் தடத்தின் மின் நடுவும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். புதிதாக வரும்போதே இரண்டுக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். நாற்பது வருடம் தேய்ந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

இதற்குத்தானே டிஃபீட் பொத்தான் இருக்கிறது? அதைப் பற்றி அண்ணாவிடம் கேட்டேன். “அதை அமுக்கினா ஒரு பக்கம் செத்துடும் தம்பி. அதனால தொடுறதே இல்ல.” ஸ்விட்ச் கான்டாக்டில் கறுப்புப் படிந்திருந்தது. பல வருடமாக அவர் டோன் சர்க்யூட்டை விலக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் காதலித்த ஒலிக்குணத்தில் பெரும்பங்கு, அழுக்குப் பிடித்த ஒரு ஸ்விட்ச் அவருக்கு விட்டுவைத்த வழி.

வால்யூம் குமிழின் எட்டு மணி

இன்னொரு விஷயம் இந்தக் காலத்துப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ப்ரீஆம்புக்கு 150 மில்லிவோல்ட் கொடுத்தால் போதும், முழு அவுட்புட் தரும். அந்தக் காலத்து டியூனரும் டேப் டெக்கும் சில நூறு மில்லிவோல்ட்தான் தந்தன. 1982இல் சிடி வந்தது, 2 வோல்ட் அவுட்புட் வழக்கமானது, டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் இன்றைய டிஏசிகளும் அதையே பின்பற்றுகின்றன. 150 மில்லிவோல்டுக்கும் 2 வோல்டுக்கும் இடையே 22.5 டெசிபல் வித்தியாசம். விளைவு, அண்ணாவின் வால்யூம் குமிழ் கடிகார முள்ளில் எட்டு மணியைத் தாண்டியதே இல்லை.

இடது, வலது இரண்டையும் ஒரே குமிழில் திருப்பும் இரட்டைத் தட்டு கார்பன் வால்யூம் மிக மோசமாக நடந்துகொள்வது அந்த இடத்தில்தான். அங்கே அளந்தபோது வலது பக்கம் 1.8 டெசிபல் குறைவு. அதே குமிழ் பன்னிரண்டு மணியில் 0.3 மட்டுமே. ‘இந்தப் பெட்டியில் மேடை அகலம் குறைவு, குரல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது’ என்று யாராவது எழுதினால் அது அந்த மாடலின் குணமாகப் பதிவாகிவிடும். உண்மையில் அது குமிழின் எட்டு மணியின் குணம். அதே மாடலை வேறொருவர் பத்து மணியில் கேட்டு வேறொன்றை எழுதுவார். இருவரும் சண்டை போடுவார்கள்.

நான் செய்தது மலிவான வேலை. டிஏசியிலிருந்து வரும் கேபிளில் 9.1 கிலோஓம் வரிசையாக, 1 கிலோஓம் கிரவுண்டுக்கு. இரண்டு ரெசிஸ்டர், 20 டெசிபல் குறைப்பு. குமிழ் பன்னிரண்டு மணிக்கு ஏறியது, குரல் நடுவுக்கு வந்தது. டிஃபீட் ஸ்விட்சைக் கழற்றிச் சுத்தம் செய்து, டோன் சர்க்யூட்டை விலக்கி மறுபடியும் 16 முறை. இந்தத் தடவை 12 சரி. முகம் சுருங்கியது. “என்ன பண்ணினே?” என்றார். “கெப்பாசிட்டர் மாத்தலண்ணா” என்றேன். அந்த நிமிடத்துக்குப் பொருத்தமான உண்மை அது. சப்ளையில் மாற்றிய இரண்டைப் பற்றிப் பிறகு ஒப்புக்கொண்டேன்.

12 என்றால் இன்னும் ஏதோ கேட்கிறது என்று அர்த்தம். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டபோது “மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம், வலது ஸ்பீக்கர்ல” என்றார். பவர் ஆம்பை இணைத்தபடியே மறுபடியும் அளந்தேன். முதல் ஓட்டத்தில் ப்ரீஆம்பை நேராக சவுண்டு கார்டில் செருகியிருந்தேன். அதன் இன்புட் தடை அதிகம், அதனால் இது தப்பிவிட்டது. பவர் ஆம்போடு சேர்த்துப் பார்த்தால் வலது பக்கம் 40 ஹெர்ட்ஸில் 1.6 டெசிபல் இறக்கம்.

காரணம் அவுட்புட் வழியில் இருந்த 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அதாவது உள்ளே திரவம் ஊறிய வகைக் கெப்பாசிட்டர். இடது பக்கத்தில் இருந்ததைக் கழற்றி அளந்தால் 3, வலது பக்கத்தில் இருந்தது 0.6. உலர்ந்துபோயிருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் குறையை வெளிக்கொண்டுவந்தது அவருடைய புதிய பவர் ஆம்ப். இந்தப் பெட்டி பிறந்த காலத்தில் பவர் ஆம்பின் இன்புட் 47 கிலோஓம் இருக்கும். அதில் 0.6 மைக்ரோஃபாரட் கூட 6 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும், யாருக்கும் தெரியாது. இப்போது இருப்பது 10 கிலோஓம். வெட்டும் இடம் 26 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. அப்படியானால் பேஸ் குறைவது ப்ரீஆம்பின் குணமா, பவர் ஆம்பின் குணமா? இரண்டும் இல்லை, அவற்றின் திருமணத்தின் குணம்.

அண்ணாவிடம் அனுமதி வாங்கி, ஒலி கடந்துபோகும் வழியில் இருந்த எலக்ட்ரோலிட்டிக்குகளை மட்டும், ஒவ்வொன்றாக, மாற்றும் முன்னும் பின்னும் அளந்து மாற்றினேன். வலது பக்கம் மங்கிய குறைக்குக் காரணம் மியூட் ரிலே, ஒலியை அடக்கிவைக்கும் மின் ஸ்விட்ச். அதன் கான்டாக்ட் சின்ன சிக்னலில் கோணலாக நடந்துகொண்டது, சத்தம் கூடும்போது சரியாகிவிடும். இதுவும் ஒரு ‘குணம்’தான்: தாழ்ந்த சத்தத்தில் மூடிய மாதிரி இருக்கிறது, ஏற்றினால் திறக்கிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். புது ரிலே போட்டதும் தீர்ந்தது. கரகரப்புக்கு வால்யூமைச் சுத்தம் செய்தது மட்டும் போதவில்லை. அதற்கு முந்தைய கெப்பாசிட்டர் கசிந்து கொஞ்சம் டிசி (நேர் மின்னோட்டம்) அதன்மேல் ஏறியிருந்தது. அதை மாற்றிய பிறகே குமிழ் ஊமையானது.

கழித்துப் பார்த்தல்

காதின் தீர்ப்புக்குத் துணையாக இன்னொரு சோதனையும் செய்தேன். இரண்டு பெட்டிகளின் அவுட்புட்டையும் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. ஆம்ப் வடிவமைப்பாளர் டேவிட் ஹாஃப்லர் ஆம்ப்களைச் சோதிக்க வற்புறுத்திய முறை இது. இன்னொரு வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985இல் தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்பை, விலை பல மடங்கான இன்னோர் ஆம்பைப் போலவே ஒலிக்கவைக்க, இந்த மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் திருத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பத்திரிகைக்காரர்களால் கடைசியில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் பெட்டிகளில் ஆரம்பத்தில் மிச்சம் இசையைவிட 15 டெசிபல்தான் கீழே இருந்தது. அதாவது கழித்த பிறகும் பாட்டைத் தாராளமாகக் கேட்கலாம். எல்லா வேலையும் முடிந்த பிறகு 46 டெசிபல் கீழே போனது. கடைசியாக 16 முறை உட்காரவைத்தபோது அண்ணா 9 சரியாகச் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று இது நிரூபித்துவிடாது. ஆனால் 16க்கு 16 சொன்ன அதே காது, அதே நாற்காலி, அதே பாட்டு. ஒன்று 1970களின் தனி டிரான்சிஸ்டர், மற்றது இன்றைய ஐசி.

டிரான்சிஸ்டருக்கு ஒலியே இல்லையா என்றால், லைன் ஸ்டேஜில், அதாவது டிஏசி, டியூனர் போன்றவற்றின் சிக்னலைக் கையாளும் பகுதியில், ஏறக்குறைய இல்லை என்றே சொல்வேன், பெட்டி நல்ல நிலையில் இருந்து, அளவோடு ஓட்டினால். போனோ ஸ்டேஜ் வேறு கதை. தட்டில் பதியும்போது குறைத்த பேஸையும் கூட்டிய ட்ரெபிளையும் திரும்பச் சரிசெய்யும் ஆர்ஐஏஏ வளைவு 20 ஹெர்ட்ஸுக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையே கிட்டத்தட்ட 39 டெசிபல் சாய்கிறது. 3180, 318, 75 மைக்ரோவினாடி என்ற மூன்று எண்களை ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து தர வேண்டும். 75 என்ற எண் 5 சதவீதம் தவறினாலே ட்ரெபிள் முழுக்க 0.4 டெசிபல் நகரும். அதைவிடப் பெரியது இன்புட் கெப்பாசிட்டன்ஸ். 500 மில்லிஹென்ரி உள்ள ஓர் எம்எம் (நகரும் காந்த) காட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் பாகம், கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்து 250 பிகோஃபாரட் என்றால் 14 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிரும். 450 என்றால் அது 10.6க்கு இறங்கிவிடும். ஒன்று காற்றோட்டமாகக் கேட்கும், மற்றது பளிச்சென்று கடித்துவிட்டு மேலே மூடிக்கொள்ளும். போனோ வழியாகக் கேட்டு ஒரு பழைய ப்ரீஆம்பைப் புகழ்பவரை நான் உடனே மறுத்துப் பேசுவதில்லை. காட்ரிட்ஜ் என்ன, கேபிள் எத்தனை நீளம் என்று மட்டும் கேட்பேன்.

இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் இரண்டு அறிவுரைகளை இங்கேயே பேசிவிடலாம். ‘எப்போதும் ஆன் செய்தே வை, அப்போதுதான் நன்றாக ஒலிக்கும்’ என்பது ஒன்று. எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள், சூடு 10 டிகிரி குறையும்போது சுமார் இரட்டிப்பாகும். 85 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர், பெட்டிக்குள் 55 டிகிரி இருந்தால் 16000 மணி நேரம் தாங்கும். ஒரு வருடத்துக்கு 8760 மணி நேரம். அணைக்காமல் வைத்தால் இரண்டே வருடத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். அண்ணாவின் பெட்டி ஏன் அப்படி உலர்ந்தது என்பதற்கு, அணைக்காமலே வைத்திருந்ததாக அவர் சொன்ன பழைய பழக்கமே சாட்சி. மற்றது ‘ஐசியைக் கழற்றி வேகமான ஐசி போடு’. பழைய தகட்டில் அது காதுக்கு எட்டாத அலைவெண்ணில் ஆசிலேட் ஆகிக்கொண்டிருக்கலாம், அதாவது தானாகவே ஊசலாடிக்கொண்டிருக்கலாம். ‘புதுத் துல்லியம் வந்துவிட்டது’ என்று மகிழ்பவர் ஆசிலாஸ்கோப்பில் ஒரு முறை பார்த்துவிட்டு மகிழ்ந்தால் நல்லது. மொத்தக் கெப்பாசிட்டரையும் ஒரே மூச்சில் மாற்றுவதும் எனக்குப் பிடிக்காது. பெட்டி சரியாகிவிடலாம், ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடும்.

திரும்ப வந்த அழைப்பு

பெட்டியை எடுத்துப்போன மூன்றாம் நாள் அண்ணா கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, ஒரு துக்கம் இருந்தது. “எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்த அம்மா பின்னாடி போய் நின்னுட்டாங்க.”

நான் கிளம்பிப் போனேன். முதலில் எழுதிவைத்த வளைகோடு கையில் இருந்தது. 100 ஹெர்ட்ஸுக்கு 0.7 ஏற்றம், மேலே 10 கிலோஹெர்ட்ஸில் 1 டெசிபல் அளவுக்கு மெல்லிய சரிவு. இதைக் கணினியில் ஈக்வலைசராக்கி, அவருடைய புது ப்ரீஆம்ப் வழியாகவே ஓடவிட்டேன். எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. இரண்டு பாட்டு கேட்டார். கண்ணை மூடிக்கொண்டே, “இதுதான். பழையதுதான். நீ கெப்பாசிட்டரைத் திருப்பிப் போட்டுட்டே” என்றார்.

ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பெட்டி என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் ஈக்வலைசரை நிறுத்திப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், மறுபடியும் நிறுத்திப் பார்த்தார். “அப்ப இத்தனை வருஷமா நான் கேட்டது?”

“ஒரு ட்ரெபிள் குமிழ்ண்ணா. நடுவுல நிக்குதுன்னு நீங்க நினைச்ச குமிழ்.”

புது ப்ரீஆம்பில் டோன் குமிழ்கள் கிடையாது. டோன் சர்க்யூட் ஒலியைக் கெடுக்கும் என்று சொல்லித்தான் அதை அவருக்கு விற்றிருந்தார்கள். பழைய பெட்டியை மறுபடியும் இணைத்து, டிஃபீட் பொத்தானை விடுவித்து டோன் சர்க்யூட்டை மறுபடியும் வழிக்குள் கொண்டுவந்தோம். பேஸ் குமிழைத் தொடவில்லை. தேய்ந்த அதன் ‘நடு’ தருகிற ஏற்றமே போதுமாக இருந்தது. ட்ரெபிளை மட்டும் அவர் ஒரு மயிரிழை இடப்பக்கம், பிறகு இன்னும் ஒரு மயிரிழை என்று திருப்பிக்கொண்டே போனார். பழைய அளவைத் தாண்டிக் கொஞ்சம் போய், திரும்பி வந்து, ஓரிடத்தில் கையை எடுத்தார். அந்த இடத்தில் வெள்ளை பெயின்ட் பேனாவால் குமிழின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். சரியாக எத்தனை டெசிபல் என்று அளந்து சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.